ஓரின் பீலின் ஜோடி

கரையேறித் தலையைத் துவட்டிக்கொண்டே, நோரீன் நீட்டிய காப்பிக் கோப்பையை இடக்கையால் வாங்கியபோதுதான் மெரில் டயருக்கு அந்தச் சிறு பிசகு உறைத்தது. கோப்பை விரல்களுக்கிடையே நழுவி, பைன் மரத்தின் ஊசியிலைகள் பரவிக்கிடந்த மணலில் கவிழ்ந்தது. கொதிக்கும் காப்பி புறங்கையில் வழிந்தும் அவருக்குச் சுடவில்லை. கையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை வெளிறிச் சுருங்கி, யாரோ நெடுநேரம் இறுகப் பற்றியிருந்து இப்போதுதான் விட்டதுபோல் இருந்தது.

பற்றித்தான் இருந்தார்கள். அது அவருக்குத் தெளிவாக நினைவிருந்தது. சற்றுமுன் நடந்த ஒத்திகையில், பயிற்சியாளர்கள் அனைவரும் மார்பளவு நீரில் தோளோடு தோள் சேர்ந்து, கைகோத்து, பாதங்களால் அடிமணலைத் துழாவியபடி, மரத்துறையிலிருந்து மிதவைக் கயிறு வரைக்கும் ஒரே வரிசையாக நடந்து சென்றார்கள். அவருடைய வலக்கையில் நோரீனின் கை இருந்தது. சூடான, முரட்டுப் பிடி. இடக்கையில் வேறொரு கை இருந்தது. சிறியது, வழுவழுப்பானது, ஏரியின் அடிநீரைப் போலக் குளிர்ந்தது. புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளன் எவனோ அச்சத்தில் பிடித்துக்கொண்டான் என்றெண்ணி, ஆறுதலாக அவரும் அதை ஒருமுறை அழுத்திக்கொடுத்தார். கயிற்றை அடைந்ததும் அது விட்டுவிட்டது.

"ஜூலையிலயே கை மரத்துப்போச்சா?" என்றாள் நோரீன். பேங்கர் நகரத்துக் கல்லூரி மாணவி. சிறுவர்களுக்கான அந்தக் கோடை நீச்சல் முகாமில் அவருக்கு அடுத்த பொறுப்பு அவளுடையது. "கிழவனாயிட்டீங்க, மெரில்."

"உன் காப்பி அந்த லட்சணம். கையே வாங்க மாட்டேங்குது."

"நேத்து மட்டும் ரெண்டு கப் இறங்குச்சே."

அவர் கையை உதறினார். "வரிசையில என் பக்கத்துல யார் நின்னா?"

"நான்."

"அந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம் யாரு? கோடியில நின்னது நீங்க. உங்களுக்கு அப்பால அடுத்த மாநிலம், நியூ ஹாம்ப்ஷயர்தான்" என்று சொல்லிவிட்டு, அவள் கோப்பையைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு படகுக் கொட்டகைப் பக்கம் போனாள்.

மெரில் ஏரியைப் பார்த்தார். கிரிண்டில் ஏரி காற்றின்றிக் கிடந்தது. தொலைவில் ஒரு லூன் பறவை நீண்டு கூவியது. அச்சம் தோன்றவேண்டிய இடம் இது என்று அவருக்குத் தெரிந்தது, ஆனால் தோன்றவில்லை. மார்ச் மாதத்தில் தாயை அடக்கம் செய்தபோதும் அப்படித்தான். பனி உறைந்த கல்லறைத் தோட்டத்தில் நின்றுகொண்டு, இப்போது அழவேண்டும் என்று அறிவு சொன்னதே தவிர, உள்ளிருந்து எதுவும் அசையவில்லை. அன்று உள்ளே பரவிய மரப்பு இன்று கைக்கு வந்திருக்கிறது போலும் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

*

அந்த ஒத்திகைக்கு ஒரு பெயர் உண்டு: ஓரின் தேடல்.

கோடைதோறும், முன்னறிவிப்பு ஏதுமின்றி, ஒருநாள் மூன்று நீண்ட விசில்கள் ஒலிக்கும். சிறுவர்கள் எல்லாரும் கரையேறி மணலில் உட்காரவேண்டும். ஒரு பையன் நீரில் காணாமற்போய்விட்டான் என்று வைத்துக்கொண்டு, பயிற்சியாளர்கள் அவன் பெயரைக் கூவித் தேடவேண்டும். மிகப் பழைய நாள்களில் உண்மையான ஒரு பையனின் பெயரையே கூவினார்களாம். ஒருமுறை, மகனைக் காணவந்த தாயொருத்தி காட்டுப்பாதையில் வரும்போதே அவன் பெயர் ஏரியில் கூவப்படுவதைக் கேட்டு மயங்கி விழுந்தாள். அதன்பிறகு முகாமின் உரிமையாளர் ஹோலிஸ் ஃபார்னம் ஒரு பையனைக் கற்பனையாகப் படைத்தார். அவன்தான் ஓரின் பீல்.

தேடுவோர்க்கு அடையாளம் வேண்டுமல்லவா? ஆகவே கோடைக்கொரு பயிற்சியாளர் அவனுக்கு ஒரு குணத்தைச் சேர்த்தார். நீலக் கால்சட்டை. கோதுமை நிற முடி. முன்பல் ஒன்று இல்லை. ஆழத்தைக் கண்டால் பயம். இவையெல்லாம் பயிற்சியாளர்களுக்குள் மட்டுமே வழங்குபவை. சிறுவர்களுக்கு அவன் பெயர் மட்டும் தெரியும். காணாமற்போன காலுறைக்கும், யாரோ தின்று தீர்த்த பிஸ்கட்டுக்கும், ஈரமான படுக்கைக்கும் ஓரின்தான் காரணம் என்று சொல்லிச் சிரிப்பார்கள். இந்த ஆண்டு சேர்க்கவேண்டிய முறை மெரிலுக்கு. அன்று காலை, பான்கேக்கின்மேல் மேப்பிள் பாகை ஊற்றிக்கொண்டே, அதிகம் யோசிக்காமல் அவர் சொன்னது இது: "ஓரின் பேசமாட்டான். ஆனா ஒரு கை கிடைச்சா, அப்புறம் விடமாட்டான்."

*

கரையில் ஒரு பலகை உண்டு. நீரில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயர் எழுதிய மரவில்லை ஒன்று உண்டு. இரண்டிரண்டு வில்லைகளாக ஒரே ஆணியில் மாட்டினால் அது ஜோடி. நீரில் ஜோடி ஒருவரையொருவர் பிரியலாகாது; விசில் ஒலித்தால் இருவரும் கைகோத்து உயர்த்தவேண்டும்; பலகையின் வரிசைப்படி ஒவ்வொரு ஜோடியும் தன் எண்ணை உரக்கச் சொல்லவேண்டும். காலைதோறும் சிறுவர்கள் விதியை ஒருமித்த குரலில் ஒப்பிப்பார்கள்: "தனியா இறங்காதே. ஜோடியை விடாதே. மாத்தணும்னா பலகையில மாத்து."

அன்று பிற்பகல் ஏசா விட்டன் என்ற பையன் தனியாக நின்றான். ஒன்பது வயது, ஒடிசலான உடம்பு. நீரில் இறங்கிய மாத்திரத்தில் விறைத்துப்போவான். அவனுடைய ஜோடிப் பையன் காதுவலியால் வீட்டுக்குப் போய்விட்டான்.

"ஏசாகூட யாருடா போவா?" என்றான் டக்கர். கூட்டத்தின் வாய் அவன்தான். "எங்க வீட்டு இஸ்திரிப் பலகை இவனைவிட நல்லா மிதக்கும்."

"அப்ப அதோட ஜோடி சேர்ந்துக்கோ, டக்கர். ரெண்டுக்கும் அறிவு சமமா இருக்கும்" என்றாள் நோரீன்.

சிரிப்பு எழுந்தது. ஏசா மட்டும் தன் பாதங்களைப் பார்த்தபடி நின்றான். மெரில் அவசரத்தில் இருந்தார். இடக்கை வேறு தடித்த கையுறைக்குள் அடைபட்டதுபோல் கிடந்தது. கால்சட்டைப் பையில், காலை ஒத்திகைக்காக எடுத்த ஓரினின் வில்லை அகப்பட்டது. அதை எடுத்து ஏசாவின் ஆணியில் மாட்டினார்.

"இன்னிக்கு உனக்கு ஓரின் ஜோடி. என் கைக்கெட்டற தூரத்துலயே இரு. சரியா?"

"ஓரினா? டேய் ஏசா, உன் காலுறைய பத்திரமா வச்சுக்கோடா" என்று யாரோ கத்தினான். ஏசா முதன்முறையாகச் சிறிது சிரித்தான்.

நீர் இடுப்பளவு ஆழம். மேல்நீரில் வெயிலின் இளஞ்சூடும், சிறுவர்கள் பூசிய வெயில்தடுப்புக் களிம்பின் மணமும் மிதந்தன. முழங்காலுக்குக் கீழே ஊற்றுநீரின் குளிரும், அழுகிய இலைகளின் துருவேறிய நாற்றமும் இருந்தன. மெரில் வலக்கையை ஏசாவின் முதுகுக்கு அடியில் கொடுத்து, வானத்தைப் பார்க்கச் சொன்னார். வழக்கமாக மடங்கி அமிழும் உடல் அன்று மெல்ல நீண்டது. தோள் தளர்ந்தது. வயிறு மேலெழுந்தது. காதுவரை நீரில் ஆழ்ந்து, கண்களை மூடி, அவன் அசையாமல் மிதந்தான்.

"கைய எடுத்துடாதீங்க, மெரில்."

"எடுக்கல."

"ரெண்டு கையும் இருக்கட்டும். இப்படியே நல்லா இருக்கு."

மெரிலின் இடக்கை நீருக்கு வெளியே, மார்போடு மடங்கிக் கிடந்தது. அவர் வலக்கையை மெதுவாக விலக்கினார். ஏசா அமிழவில்லை. தெளிந்த நீரில் அவன் முதுகின் கீழே நிழல் ஒன்று இருந்தது. அவனுடைய நிழலாகத்தான் இருக்கவேண்டும். ஆனால் அவன் அசையாதபோதும் அது சற்றே அசைந்தது.

*

இரண்டே நாளில் ஏசா நீந்தினான். நீந்தினான் என்பதைவிட, கொண்டுசெல்லப்பட்டான் எனலாம். கால் உதைப்பில் ஒழுங்கில்லை. மூச்சு வாங்கும் முறை தவறு. ஆயினும் உடல் நீரைக் கிழித்து நேராகப் போயிற்று, இடக்கையை எப்போதும் முன்னே நீட்டியபடி. டக்கர் வாயடைத்துப்போனான். நோரீன், "என்ன மந்திரம் போட்டீங்க?" என்று கேட்டாள். அவருடைய மரப்பு மணிக்கட்டைக் கடந்து முழங்கையை எட்டியிருந்தது. சவரம் செய்கையில் கை பிளேடில் பட்டு, கழுவுதொட்டியில் குருதி சொட்டுவதைக் கண்ட பின்னரே வெட்டுப்பட்டதை அறிந்தார்.

உணவுக்கூடத்தில், சோள ரொட்டியும் வறுத்த மீனும் மணக்க, தட்டுகள் மோதும் இரைச்சலுக்கு நடுவில், அவர் ஏசாவின் எதிரே அமர்ந்தார். பையனின் இடக்கை விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அவன் நீரைவிட்டு ஏறிப் பலமணி நேரம் ஆகியிருந்தது.

"கை குளிருதா, ஏசா?"

"இல்ல. ஒண்ணும் தெரியல." அவன் ரொட்டியை வலக்கையால் பிய்த்தான். "ஓரினுக்குத்தான் குளிருது. அதான் கைய விடமாட்டேங்கறான்."

"ஓரின் பேசுவானா?"

"பேசமாட்டான். அழுத்துவான். ஒரு அழுத்து அழுத்துனா நில்லு. ரெண்டு அழுத்துனா வா." ஏசா மென்றபடியே யோசித்தான். "பாவம், முன்பல் ஒண்ணு இல்ல அவனுக்கு. சிரிச்சா தண்ணி உள்ள போகுது."

சுற்றிலும் சிறுவர்கள் மேசையைத் தட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். பல்லைப்பற்றி எந்தப் பையனுக்கும் யாரும் சொன்னதில்லை.

"உன்னை எங்க கூப்பிடறான்?"

"அவன் இடத்துக்கு. கயித்துக்கு அந்தப்பக்கம், தரை இறங்குது இல்ல, அங்க. அவனுக்குத் தனியா போக பயம். ஆழம் ஆகாது." பையன் நிமிர்ந்து பார்த்தான். "சனிக்கிழமை தேர்வுல மிதவை மேடை வரைக்கும் போகணும் இல்ல? அப்ப ரெண்டு பேரும் சேர்ந்தே போயிடலாம்னு இருக்கோம்."

*

ஹோலிஸ் ஃபார்னம் அலுவலகத்து முன்கூடத்தில் அமர்ந்து துடுப்பொன்றுக்கு மெருகெண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். எண்பதை நெருங்கும் வயது. ஆனால் குரலில் இன்னும் விசிலின் கூர்மை இருந்தது.

"ஓரின் பீல்னு நிஜமாவே யாராவது இருந்தானா, ஹோலிஸ்?"

"உனக்கென்ன ஆச்சு? ஓரின்ங்கிறது எங்க மாமாவோட குதிரை பேரு. பீல், அந்த வருஷம் எனக்குப் பல்லு புடுங்கின டாக்டர்."

"இந்த ஏரியில யாராவது செத்துருக்காங்களா?"

கிழவர் தூரிகையைக் கீழே வைத்தார். "ஒருத்தர்கூட இல்ல. நாம இங்க வர்றதுக்கு முன்னாடியும் இல்ல. அதுதான்யா நம்ம பெருமை."

மெரில் அதற்குத்தான் அஞ்சியிருந்தார். செத்தவன் ஒருவன் இருந்திருந்தால், அவனுக்கு ஊர் இருக்கும், தாய் இருப்பாள், திரும்பிப்போக ஒரு கல்லறையேனும் இருக்கும்.

"ஒத்திகை முடிஞ்சதும், ஓரின் கிடைச்சாச்சுன்னு எப்பவாவது சொல்லியிருக்கோமா?"

"எதுக்கு? மணி அடிக்கறோம், சாப்பிடப் போறோம்."

"இத்தனை வருஷமா அவனைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கோம்."

"கூப்பிட்டா என்ன? இல்லாதவன் எப்படி வருவான்?" ஹோலிஸ் சிரித்தார். பிறகு மெரிலின் தொங்கும் கையைக் கண்டு சிரிப்பை நிறுத்தினார். "நீ போய்ப் படு. மூஞ்சி சுண்ணாம்பா இருக்கு."

"ஏசா விட்டனை வீட்டுக்கு அனுப்பிடலாம்."

"அவன் அப்பா சனிக்கிழமை வர்றார், பையன் நீந்தறதப் பாக்க. அதுவரைக்கும் தண்ணிகிட்ட விடாதே. அவ்வளவுதானே?"

அவ்வளவுதான் என்று மெரிலும் எண்ணினார். பலகையிலிருந்து ஓரினின் வில்லையைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். ஏசாவைத் துடுப்புகளுக்குச் சாயம் பூசும் வேலையில் உட்காரவைத்தார்.

மறுநாள், மதிய உணவுக்குப்பின் முகாம் முழுதும் படுத்திருக்கும் ஓய்வுவேளையில், நோரீனின் கூச்சல் கேட்டது. மெரில் ஓடியபோது அவள் கழுத்தளவு நீரில் நின்று, ஏசாவை இரு அக்குளிலும் பற்றி இழுத்துக்கொண்டிருந்தாள். கால்சராயோடும் காலணியோடும் பையன் இறங்கியிருந்தான். அவனுடைய இடக்கை நீருக்குள் நேராக, ஆழத்தை நோக்கி நீண்டிருந்தது. மெரிலும் சேர்ந்து இழுத்தார். ஏதோ மனமின்றி விட்டது. மூவரும் பின்னால் சாய்ந்து விழுந்தார்கள்.

"இழுக்க இழுக்க வரல, மெரில்." நோரீனின் பற்கள் தந்தியடித்தன. "இத்துணூண்டு பையன். நங்கூரம் போட்ட படகை இழுக்கற மாதிரி இருந்துச்சு. நான் சும்மா சொல்லல."

"தெரியும்."

ஏசா அழவில்லை. அவன் மணிக்கட்டைச் சுற்றி, வெண்மையாக, ஒரு சிறுவனின் விரல்கள் பதிந்திருந்தன.

"நேத்து சொல்லாம அவனை விட்டுட்டு வந்துட்டேன்னு அவனுக்குக் கோபம்" என்றான். "ஜோடியை விடக்கூடாது இல்ல? நீங்கதானே எங்கள ஜோடி போட்டீங்க."

மெரில் அவன் முகத்தைப் பார்த்தார். அதில் எதுவும் இல்லை. கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிய நாளில், கண்ணாடியில் அவர் பார்த்த முகம் அது. உதடுகள் நீலம்பாரித்த ஒரு குழந்தையின் கழுத்தின்மேல் அது அமர்ந்திருந்தது. இப்பிள்ளையை நாளை ஏரி கொண்டுபோய்விடும் என்பதைக் கணக்கின் விடைபோல அவர் அறிந்தார். அதைத் தடுப்பதற்கு அவருக்கு ஒரு வழியே தெரிந்திருந்தது. அதையும் அவரே காலைதோறும் ஒப்பிக்கவைத்திருந்தார்.

*

சனிக்கிழமை காலையில் மூடுபனி ஏரியை மூடியிருந்தது. மிதவை மேடை தெரியவில்லை. அதில் நீர் மோதும் மெல்லிய ஒலி மட்டும், யாரோ சப்புக்கொட்டுவதுபோல் வந்துகொண்டிருந்தது. பைன் மரங்களிலிருந்து சொட்டிய ஈரம் மணலில் புள்ளியிட்டது. பெற்றோர் சிலர் கம்பளிச் சட்டைகளுக்குள் ஒடுங்கிக் கரையில் நின்றார்கள். ஏசாவின் தந்தை, ஒல்லியான மனிதர், கையில் புகைப்படக் கருவியைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார்.

மெரில் ஏசாவைப் பலகையின் முன் அழைத்துவந்தார். பூட்டிய இழுப்பறையிலிருந்து எடுத்த ஓரினின் வில்லை நனைந்திருந்தது. மரம் நீரில் ஊறிக் கனத்திருந்தது. அவர் அதைப்பற்றி நினைக்கவில்லை.

"விதி சொல்லு, ஏசா."

"தனியா இறங்காதே. ஜோடியை விடாதே. மாத்தணும்னா பலகையில மாத்து."

"மாத்தறோம். நீ பார்த்துக்கிட்டே இரு. நீ பார்த்தாத்தான் செல்லும்."

ஏசாவின் வில்லையை டக்கரும் அவன் நண்பனும் இருந்த ஆணியில் மூன்றாவதாக மாட்டினார். பிறகு பலகையின் கடைசி ஆணியில், பயிற்சியாளர்களின் வரிசையில், தம்முடைய வில்லையின்மேல் ஓரினின் வில்லையை மாட்டினார். மரம் மரத்தில் பட்டுச் சிறிதாக ஒலித்தது.

ஏசா திடுக்கிட்டுத் தன் இடக்கையை உதறினான். உதறிய விரல்களில் சிவப்பு ஊறியது. "ஐயோ, குத்துது" என்றான். "ஊசி ஊசியா குத்துது, மெரில்." சொல்லும்போதே அவன் கண்கள் நிறைந்தன. பல நாள்களுக்குப்பின் அழுதான்.

"குத்தட்டும். நல்லது."

"ஓரின் எங்க?"

மெரில் அவன் தலையைத் துவாலையால் துடைத்துவிட்டார், நனையாத தலையை.

தேர்வு தொடங்கியது. ஏசா மிக மோசமாக நீந்தினான். நீரை விழுங்கினான், நாயைப்போல் துழாவினான், பாதிவழியில் நின்று இருமினான். அவனைத் தூக்கிச்செல்ல அடியில் எதுவும் இல்லை. "உதைடா! இஸ்திரிப் பலகை, காலை உதை!" என்று டக்கர் பக்கத்திலிருந்து கத்திக்கொண்டே போனான். பனிக்குள் மூவரும் மறைந்தார்கள். கரையில் தந்தை குளிரில் கால்மாற்றி நின்றார். நெடுநேரம் ஒலி மட்டுமே. பிறகு சாம்பல் வெண்மைக்குள்ளிருந்து இரண்டு தலைகள், பின்னால் மூன்றாவது. இடுப்பளவு நீரில் கால் ஊன்றி நின்று, மூக்கு ஒழுக, ஏசா சிரித்தான். டக்கர் அவன் முதுகில் அறைந்தான். "தோத்தாங்கோளி, கடைசியில வந்துட்டியேடா."

மரத்துறையின் நுனியில் நின்று மெரில் இதைக் கண்டார். மகிழ்ச்சி வரவேண்டிய இடம். அவர் காத்திருந்தார். வரவில்லை. மரப்பு தோளைக் கடந்து, கழுத்தின் ஒருபுறம் ஏறி, காதுமடலைத் தொட்டிருந்தது. இடப்பக்கத்து உலகம் பஞ்சடைத்ததுபோல் அமைதியாயிற்று.

பனி இன்னும் அடர்ந்தது. எச்சரிக்கைக்காக நோரீன் விசில் ஊதினாள். ஜோடி பார்க்கும் விசில்.

நீரில் நின்ற சிறுவர்கள் கைகோத்து உயர்த்தினார்கள். பனிக்குள் கைகள் இரண்டிரண்டாக எழுந்தன. குரல்கள் வரிசையாக வந்தன. தடித்த குரல், கீச்சுக் குரல், கொட்டாவியோடு ஒரு குரல். டக்கரின் குரல் வந்தது. அதில் ஏசாவின் குரலும் கலந்திருந்தது. வரிசை முடிந்தது.

முடிந்திருக்கவேண்டும்.

மெரிலின் இடக்கை அசைந்தது.

அவர் அசைக்கவில்லை. தொங்கிக்கிடந்த கை. பல நாள் பிணமாய்க் கிடந்த கை. அது இடுப்பிலிருந்து மெல்ல உயர்ந்தது. மார்பு. தோள். தலைக்கு மேல். விரல்கள் மடங்கியிருந்தன, எதையோ கோத்து. மூடிய பிடியிலிருந்து நீர் வழிந்தது. உலர்ந்த சட்டைக் கைக்குள் ஓடி, விலாவில் இறங்கியது. குளிர்ந்த நீர். அடிநீர்.

அவருடைய இடுப்புக்குப் பக்கத்தில், கீழே, யாரோ மூச்சை உள்ளிழுத்தார்கள்.

ஒரு குரல் அடுத்த எண்ணைச் சொன்னது. சிறுவனின் குரல். இதுவரை பேசாத குரல். பல் இல்லாத இடத்தில் காற்று சீறியது.

"சரி, எல்லாரும் இருக்காங்க" என்றாள் நோரீன், பழக்கத்தால். பிறகு அவள் வாய் திறந்தபடியே நின்றது.

மெரில் திரும்பிப் பார்க்கவில்லை. ஏசாவைப் பார்த்தார். ஏசா அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குப் பக்கத்தில், தன் உயரத்திலேயே இருந்த எதையோ பார்த்தான். தன்னுடைய சிவந்த கையைச் சிறிது உயர்த்தி அசைத்தான், தெரிந்தவனுக்கு அசைப்பதுபோல.

எதையும் உணராத அந்தக் கையில் மெரில் ஒன்றை உணர்ந்தார். ஓர் அழுத்தம்.

நில்.

நின்றார். கரையில் யாரும் அசையவில்லை. இறக்கச் சொல்லும் விசில் வரும்வரை இறக்கக்கூடாது என்பதால், சிறுவர்கள் கோத்த கைகளை உயர்த்தியபடியே நின்றார்கள். பனிக்குள் அத்தனை வெண்ணிறக் கைகள். விசில் நோரீனின் உதட்டிலிருந்து நழுவி, கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

இன்னோர் அழுத்தம். இரண்டு.

துறையின் கடைசிப் பலகையில், அவருடைய ஈரமற்ற பாதத்தின் அருகில், ஈரமான ஒரு சிறு பாதம் பதிந்தது. அதற்கு முன்னால், நீரின் ஓரத்தில், மற்றொன்று.